இடந்தலையின் நாதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், விழாவின் இரண்டாம் நாள் மாலை நடந்த கச்சேரியை உங்களிற் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய கீர்த்தனை நிறைவெய்தித் தனியாவர்த்தனம் தொடங்கிய சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கிகள் வாய் மூடின. ஆயினும் மிருதங்க வித்துவான் கையை எடுக்கவில்லை. குத்துவிளக்கின் வெளிச்சத்தில் அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் இருந்தோர் நாற்காலிகளை ஓசைப்படாமல் தூக்கிக்கொண்டு முன்னே வந்தனர். ஏறத்தாழக் கால் மணி நேரம் இம்மண்டபம் மூச்சடக்கிக் கேட்டது. மின்சாரம் மீண்டதும் ஒலிபெருக்கி மீண்டும் முழங்கிற்று. கச்சேரி முடிந்த பின் நம் உறுப்பினர் ஒருவரின் பத்து வயது மகன் நம்மிடம் வந்து, “மாமா, கரண்ட் போனதும் வேற மிருதங்கம் மாத்திட்டாங்களா?” என்று கேட்டான்.

அச்சிறுவனுக்கு அன்று நாம் சிரித்து விடையளித்தோம். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், அவன் கேட்டது சிரித்து விடத்தக்க கேள்வியன்று என்பது புலனாயிற்று. கருவி ஒன்றே, கை ஒன்றே, எனினும் நாதம் இரண்டாக இருந்தது. அவன் செவி அதனைக் கண்டுகொண்டது. அவனுக்கு அன்று நாம் அளித்திருக்க வேண்டிய விடையே இன்றைய சொற்பொழிவு.

இங்கே குழுமியிருப்போர் பல திசைகளிலிருந்து வந்த தமிழர். பாலக்காட்டு அக்கிரகாரங்களில் பல தலைமுறைகளாக வாழ்வோர் உளர். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உழவர் பெருமக்கள் உளர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக உழைத்த குடும்பத்தினரும் உளர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது பாலக்காடும் தேவிகுளமும் கேரளத்தின் பகுதிகளாயின. எல்லைக் கோடு எங்குச் சென்றாலும், கோயில் திருவிழாவின் கொட்டு முழக்கம் நம் அனைவர் செவிக்கும் தாய்மொழி போன்றது. ஆதலின் தோற்கருவியின் நாதத்தைப் பற்றிப் பேச இதனினும் தக்க அவை வேறில்லை.

முதற்கண் சற்று மேல்நாட்டுக்குச் சென்று வருவோம். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பிடில் போன்ற கருவியொன்றை ஒருவர் நின்றவாறே வாசிப்பதைத் திரைப்பட இசைக் குழுவில் நீங்கள் கண்டிருக்கலாம். அதன் பெயர் டபிள் பேஸ். அதன் வேலை எல்லாக் கருவிகளுக்கும் கீழே நின்று தாங்குவது. வீட்டுக்கு அடித்தளம் போல அஃது இருக்கும். கேட்போர் பெரும்பாலும் அதனைக் கவனியார். அதன் நான்கு தந்திகளும் வழக்கமாக ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களில் கூட்டப்பெறும். ஆனால் அதே கருவியைக் கொண்டு ஒருவர் தனியே கச்சேரி செய்ய எழும்போது சிக்கல் தோன்றுகிறது. தாழ்ந்த சுரத்தில் தடித்த தந்தி எழுப்பும் ஓசை கனமுடையது, ஆனால் தெளிவற்றது. பெரிய அரங்கில் அது பரவிக் கரைந்து போகிறது.

இதற்கு அவர்கள் கண்ட வழி, சுருதிக் கூட்டலை மாற்றுவதாகும். தனி வாசிப்புக்கென்று மெல்லிய தந்திகளைப் பூட்டி, நான்கையும் ஒரு முழுச் சுரம் உயர்த்திக் கூட்டிக்கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுப் பொத்தெசீனி (1821–1889) என்னும் மேதை மூன்றே தந்திகள் பூட்டிய டபிள் பேஸைக் கொண்டு ஐரோப்பாவை வியக்கச் செய்தார். அமெரிக்க ஜாஸ் கலைஞரான ரெட் மிட்செல் 1966-ல் வேறொரு வழியை மேற்கொண்டார். தந்திகளை சி, ஜி, டி, ஏ என ஐந்தாம் சுர இடைவெளியில், செல்லோ என்னும் கருவிக்கு ஒரு ஸ்தாயி கீழே கூட்டிக்கொண்டார். ஒருவர் உயர்த்தித் தெளிவை நாடினார். மற்றொருவர் அடியில் மேலும் தாழ்ந்து ஆழத்தை நாடினார். ஆழமும் தெளிவும் ஒருங்கே கிடைப்பது அரிது என்பதே இருவர் கதையும் உணர்த்தும் உண்மை.

நம் மரபுக்கும் இது புதிதன்று. பழந்தமிழர் யாழின் நரம்புகளைத் திரித்துப் பாலைகளை மாற்றினர். சேர நாட்டு இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, பதினான்கு நரம்பு யாழின் முறையை விரிவாகக் கூறுகிறது. பிற்காலத்தில் ஐரோப்பியரின் பிடில் தமிழகத்துக்கு வந்தபோது, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்றார். இன்று அது நம் கச்சேரியின் இன்றியமையாத பக்கவாத்தியம். மேல்நாட்டார் நான்கு தந்திகளையும் ஐந்தாம் சுர இடைவெளியில் கூட்ட, நாமோ ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம் எனக் கூட்டுகிறோம். பாடுவோரின் சுருதி எதுவோ அதற்கேற்பத் தந்திகளை இறக்குகிறோம், ஏற்றுகிறோம். மேல்நாட்டில் ஒரு சிலர் செய்த மாற்றத்தை நாம் அன்றாட வழக்கமாக்கிக் கொண்டோம்.

நிற்க. நம் கச்சேரியில் டபிள் பேஸின் இடத்தில், அடியில் நின்று தாங்குவது எது? மிருதங்கத்தின் இடந்தலையே என்போம். தொப்பி என்றும் அதனை வழங்குவர்.

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். வலந்தலை பாடுவோரின் ஆதார ஷட்ஜத்துக்குக் கூட்டப்பெறுகிறது. இதில் வித்துவானின் விருப்பத்துக்கு இடமில்லை. ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு சுருதியைக் குறிப்பது நம் வழக்கம். ஆடவர் பலர் ஒன்று, இரண்டு கட்டைகளிலும், பெண்டிர் பலர் ஐந்து, ஆறு கட்டைகளிலும் பாடுவர். முன்னதைத் தக்கு சுருதி என்றும் பின்னதை ஹெச்சு சுருதி என்றும் வித்துவான்கள் கூறுவர். தக்கு மிருதங்கம் ஏறத்தாழ 24 அங்குல நீளம் உடையது. ஹெச்சு மிருதங்கம் 22 அங்குல அளவில் குறுகியது. ஒரே மிருதங்கத்தை எல்லாச் சுருதிக்கும் இழுக்க இயலாது. அளவுக்கு மேல் இறுக்கினால் தோல் வறண்ட ஓசை எழுப்பும். அளவுக்கு மேல் தளர்த்தினால் சொற்கள் குழையும். இதனாலேயே வித்துவான்கள் வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு மிருதங்கம் வைத்திருக்கின்றனர்.

கச்சேரி தொடங்குமுன் வித்துவான் சிறு கல்லையும் மரக்கட்டையையும் கொண்டு வலந்தலையின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். விளிம்பில் உள்ள தோற்பின்னலைக் கீழ்நோக்கித் தட்டினால் சுருதி ஏறும். மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். பின்னலைச் சுற்றிப் பதினாறு கண்கள். பதினாறிலும் ஒரே சுரம் பேச வேண்டும். ஒன்று பிசகினாலும் தம்பூராவின் முன் அது மறையாது.

இடந்தலையின் செய்தியோ வேறு. அதன் நடுவில், கச்சேரி தொடங்குமுன், ரவையை நீர் விட்டுப் பிசைந்து அப்புவர். கச்சேரி முடிந்ததும் அதனைச் சுரண்டி எடுத்துவிடுவர். வடநாட்டுத் தபலாவின் இடப்பக்கக் கருவியாகிய பாயாவில் கருமை நிலையாக ஒட்டப்பெற்றிருக்கும். அதன் நாதத்தைப் பெரும்பாலும் செய்தவரே வரையறுத்து விடுகிறார். நம் மிருதங்கத்திலோ ஒவ்வொரு கச்சேரிக்கும் இடந்தலையின் நாதம் புதிதாகப் பிறக்கிறது. ரவை மிகுந்தால் நாதம் தாழும், குறைந்தால் உயரும். நீர் மிகுந்தால் குழையும், உலர்ந்தால் இறுகும். பொதுவாக வலந்தலைக்கு ஒரு ஸ்தாயி கீழே அதனை அமைப்பர் எனினும், சற்றுத் தாழ்த்திக் கனத்தை நாடுவோரும், சற்று உயர்த்தித் தெளிவை நாடுவோரும் உளர். பொத்தெசீனியின் நாட்டார் தந்தியில் தேடியதை நம்மவர் ஒரு பிடி ரவையில் தேடினர்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் உளங்கொள்ளல் வேண்டும். டபிள் பேஸ் வாசிப்போர் தனியே வாசிக்க எழுந்தால் தந்திகளை உயர்த்திக்கொள்ளலாம். நம் வித்துவானுக்கு அவ்வுரிமை இல்லை. தனியாவர்த்தனத்தின்போதும் தம்பூரா மீட்டப்பெறுகிறது. பாடுவோர் தாளமிட்டுக்கொண்டு அருகிலேயே அமர்ந்திருக்கிறார். அதுவரை பாட்டுக்குக் கீழே நின்ற நாதம், எதையும் மாற்றிக்கொள்ளாமல், திடீரென முன்னே வந்து தானே பேச வேண்டும். பாட்டோடு சேர்ந்திருந்தபோது மறைந்திருந்த குறை அப்போது வெளிப்படும். ஆதலின் தனியாவர்த்தனத்தின் வெற்றி, கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்பு பக்கத்து அறையில் ரவை பிசைந்த கையிலேயே பாதி அடங்கியுள்ளது.

நாதம் என்று நாம் கூறுவது வெறும் புகழ்ச்சிச் சொல் அன்று என்பதை அறிவியலும் காட்டியுள்ளது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1920-ல், குமார் என்னும் உடனாய்வாளருடன் இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பின்னர்த் தாம் 1934-ல் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் வெளியீட்டு முதல் தொகுதியில் அதனை விரித்துரைத்தார். சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் ஓசைகள் 1, 1.59, 2.14, 2.30 என ஒன்றோடொன்று இணங்காத விகிதத்தில் அமையும். அதனாலேயே அது வெறும் ஓசையாகிறது. வலந்தலையின் நடுவே படிப்படியாகப் பூசப்பெறும் கருமையோ அத்தோலின் கனத்தை மாற்றி, எழும் ஓசைகளை 1, 2, 3, 4, 5 என்னும் முழு விகிதங்களுக்குக் கொண்டுவருகிறது. தந்தியில் அமையும் இணக்கம் தோலிலும் அமைந்துவிடுகிறது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. ‘நம்’ என்னும் சொல்லை வாசிக்கும்போது வித்துவானின் ஒரு விரல் தோலின்மேல் மெல்லப் படிந்திருக்கும். அப்போது அடிநாதம் அடங்கி, அதன் மேல்நாதம் தனித்து ஒலிக்கும். தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மேல்நாதத்தை எழுப்பும் டபிள் பேஸ் கலைஞரின் வித்தையும் இதுவே. இயற்பியல் தெரியாத கைகள் இதனைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தன.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பாரதப்புழைக் கரையையொட்டிய திருவில்வாமலையை நீங்கள் அறிவீர்கள். அவ்வூரைச் சேர்ந்த தமிழர் வெங்கிச்சன் சுவாமி, மத்தள வித்துவான். இன்று கேரளத்தார் பெருமையோடு போற்றும் பஞ்சவாத்தியத்தின் இன்றைய வடிவத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். அதே திருவில்வாமலையை அடுத்த பழையனூரில் 1912-ஆம் ஆண்டு ஜூன் பத்தாம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. பாலக்காட்டு மணி ஐயர் என்று உலகம் அறிந்த பெரியார் அவர். சாத்தபுரம் சுப்பையரிடம் கற்று, பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றார். இளம் வயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதரின் ஆதரவால் சென்னை மேடைகளில் ஏறினார். 1966-ல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. மிருதங்க வித்துவான் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 1981 மே மாதம் அவர் மறைந்தார்.

ஒருபுறம் மத்தளத்தின் கனத்த முழக்கம். மறுபுறம் தஞ்சையின் கணக்கு. இவ்விரண்டும் சந்திக்கும் நிலத்திலிருந்து வந்தவர் மணி ஐயர். அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்போர் ஒன்றை உணர்வர். சொற்கள் மிகுதியால் அவர் வெல்லவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய கனம் அவர் கையில் இருந்தது. பாட்டு ஓய்வெடுக்கும் இடத்தில் ஒரு ‘தொம்’ விழும். அடுத்த அடிக்கு முன் ஒரு மௌனம் இருக்கும். அம்மௌனத்தையும் நாதத்தின் பகுதியாகக் கொண்டவர் அவர். குறைவதை நிரப்பியும் மிகுவதை அடக்கியும் வாசிப்பதே தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் என்று இளங்கோவடிகள் வகுத்தது, ஏறத்தாழப் பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு பாலக்காட்டுக்காரரிடம் உயிர்பெற்றது எனலாம்.

அவருக்கு ஈடாக விளங்கியவர் பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கைப் பழக்கம் உடையவராதலால் அவர் மிருதங்கத்தை மாற்றி வைத்து வாசித்தார். அதன் பொருட்டு மேடையில் அமரும் முறையே மாற வேண்டியிருந்தது; அவருடன் வாசிக்கப் பலர் தயங்கினர். அவரையும் அணைத்து மேடையேற்றியவர் நம் செம்பையாரே. பழநியாரின் கும்கியை வியவாதார் இல்லை. இடந்தலையைத் தட்டியவாறே மணிக்கட்டால் அழுத்தி, நாதத்தைக் கீழிருந்து மேலே வளைத்து எழுப்புவதே கும்கி. தோல் பாடுவது போல் அப்போது தோன்றும். ஒருவர் ஆழத்தை நிறுத்திக் காட்டினார். மற்றொருவர் அதனை வளைத்துக் காட்டினார். இருவரையும் ஒரே பாடகர் ஆதரித்தார் என்பது பாலக்காட்டுக்குப் பெருமை.

இவ்விடத்தில் மூணாற்று அன்பர்களை நோக்கி ஒரு சொல். கும்கி கச்சேரி மேடைக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முழங்கும் உறுமியை நினைத்துப் பாருங்கள். வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் தேய்த்து இழுக்கும்போது எழும் அவ்வுறுமல், நாதத்தை வளைக்கும் கலையின் மற்றொரு வடிவமே. தப்பு அடிப்போர் சருகைக் கொளுத்தி அதன் சூட்டில் தோலைக் காய்ச்சுகின்றனரே, அது சுருதி கூட்டுதல் அன்றி வேறென்ன? அக்கலைஞரிடம் தம்பூரா இல்லை, செவி உண்டு. எத்துணைச் சூடு போதும், எப்போது தோலை எடுக்க வேண்டும் என்பதை அச்செவியே கூறும்.

நம் நிலத்தின் காற்றும் இதில் பங்கு கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. அக்காற்றில் ரவை விரைவில் உலரும். தோல் இறுகிச் சுருதி ஏறும். வித்துவான் நடுநடுவே ஈர விரலால் இடந்தலையைத் தொடுவது அதனாலேயே. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் உள்ள மூணாற்றிலோ, மூடுபனியிலும் மழையிலும் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். அதே மிருதங்கத்தைக் காலையில் கல்பாத்தியிலும் மாலையில் மூணாற்றிலும் வாசித்தால் இரண்டு கருவிகள் போலத் தோன்றும். தோல் ஒருகால் உயிரோடு இருந்தது. காற்றையும் மழையையும் அது இன்னும் மறக்கவில்லை.

தோலைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். ஆதலின், பெரியோர்களே, நாம் வழக்கமாகப் பேசாது விடும் ஒன்றையும் பேசியாக வேண்டும்.

மிருதங்கத்தின் கட்டை பலாமரம். அதன்மேல் அமைவன பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள். தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, மயிர் களைந்து, வெட்டி, அடுக்கி, வாரிட்டு இழுத்து, கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, சிறுசிறு அளவாகக் கருமையைத் தேய்த்து ஏற்றுபவர் ஒருவர் இருக்கிறார். இராமன் கண்ட 1, 2, 3, 4, 5 என்னும் விகிதம் அவர் கட்டைவிரலின் அழுத்தத்தில் பிறக்கிறது. மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்தவர் தஞ்சாவூர்ப் பர்லாந்து என்னும் கைவினைஞர். தமக்கு வேண்டிய நாதத்தை மணி ஐயர் சொல்வார்; பர்லாந்து அதனைத் தோலில் தேடுவார். இத்தகைய கைவினைக் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். அக்குடும்பங்கள் பலவும் தலித் கிறித்தவக் குடும்பங்கள். மேடையில் மிருதங்கத்துக்குப் பூச்சூட்டி வணங்கிய நாம், அதனைச் செய்த கையைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நம் பாலக்காட்டிலேயே பெருவெம்பு என்னும் ஊர் உள்ளது. மத்தளமும் மிருதங்கமும் செண்டையும் செய்யும் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. கருவிக்குக் கிடைத்த சிறப்பு அதனைச் செய்த மனிதருக்கும் கிடைத்ததா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறரைக் குறை கூறுவதன் முன் நம் குற்றத்தைக் கூறிவிடுகிறோம். சென்ற ஆண்டு கச்சேரி நாளன்று பிற்பகலில், வித்துவானின் மிருதங்கத்தில் வார் ஒன்று அறுந்தது. நாம் ஆள் அனுப்பிக் கைவினைஞர் ஒருவரை வரவழைத்தோம். அவர் இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்து கருவியை உயிர்ப்பித்துத் தந்தார். மின்சாரம் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் நம்மை மெய்ம்மறக்கச் செய்த நாதத்தில் அவர் பங்கு சிறிதன்று. கச்சேரி முடிந்து வித்துவான்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். மண்டபத்தைப் பூட்டும்போதுதான் அவர் பின்கட்டுத் தாழ்வாரத்தில், செருப்புகள் கிடந்த இடத்தருகே அமர்ந்து கச்சேரி முழுவதும் கேட்டிருந்தார் என்பது தெரிந்தது. அவரை உள்ளே அழைக்க எவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. “இங்கேர்ந்தே நல்லாக் கேட்டுச்சுங்க, கரண்ட் போனப்புறம்தான் கேட்டுச்சு” என்றார். அச்சொல் இன்றளவும் நம் நெஞ்சில் தைத்திருக்கிறது.

அச்சிறுவன் சொன்னதும் அக்கைவினைஞர் சொன்னதும் ஒன்றே. ஒலிபெருக்கி நாதத்தைப் பெரிதாக்குகிறது. ஆனால் நாதத்தின் உள்ளளவுகளை மாற்றிவிடுகிறது. இடந்தலைக்கு அருகே ஒலிவாங்கியை வைத்துக் கீழ்நாதத்தை மிகுத்தால், மெல்லிய கும்கியும் பலத்த தொம்மும் ஒரே கனத்தில் வெடிக்கும். மிகுதியைக் குறைத்தாலோ இடந்தலையே காணாமற்போகும். ரவையை எவ்வளவு தேர்ந்து அப்பினாலும் அத்தேர்வு கேட்போர் செவிக்கு எட்டாது. கேட்போர்க்கு எட்டாத ஒன்றில் வாசிப்போர் எத்தனை நாள் உழைப்பார்? மணி ஐயர் தம் பிற்காலத்தில் ஒலிபெருக்கி இல்லாமலே கச்சேரி நடத்த வேண்டுமென வற்புறுத்தினார். அதனைச் சிலர் பிடிவாதம் என்றனர். தமக்கும் கைவினைஞருக்கும் இடையே பல ஆண்டுகள் நடந்த உழைப்பின் பயன் கேட்போரிடம் முழுமையாகச் சேர வேண்டும் என்ற வேட்கையே அது என நாம் கருதுகிறோம்.

புதுமை எல்லாவற்றையும் வேண்டா என்று நாம் கூறவில்லை. வாருக்கு மாற்றாகத் திருகாணிகள் பூட்டிய மிருதங்கங்கள் வந்துள்ளன. செயற்கை இழைக் கட்டைகளும் செயற்கைத் தோலும் வந்துள்ளன. ரவைக்கு மாற்றாகச் செயற்கைப் பசைகளும் வந்துள்ளன. வெளிநாடு செல்வோர்க்கும், கைவினைஞர் கிடைக்காத ஊரில் பயில்வோர்க்கும் அவை உதவுகின்றன. தோலை விரும்பாதவர்க்கு அவை ஒரு வழி. பல்லாயிரம் பேர் கூடும் திடலில் ஒலிபெருக்கியும் வேண்டியதே. ஆனால் முந்நூறு நாற்காலிகள் கொண்ட நம் மண்டபத்துக்கு அது வேண்டுமா என்று கேட்கிறோம்.

ஆதலின், சங்கத்தின் செயற்குழுவுக்கு இரண்டு வேண்டுகோள்களை இவ்வவையின் முன் வைக்கிறோம். ஒன்று: வரும் ஆண்டு முதல் நம் விழாவில் ஒரு கச்சேரியேனும் ஒலிபெருக்கி இல்லாமல் நடைபெற வேண்டும். மின்விசிறிகளை நிறுத்தினால் சற்றுப் புழுங்கும். நாற்காலிகளை நெருக்கிப் போட வேண்டும். கைப்பேசிகளை அடக்க வேண்டும். அவ்வளவே. மற்றொன்று: கச்சேரி அழைப்பிதழில் பாடுவோர், பிடில், மிருதங்கம் என்று பெயர்கள் அச்சிடும் இடத்தில், மிருதங்கத்தைச் செய்தவர் பெயரும் அச்சேற வேண்டும். அவருக்கு முதல் வரிசையில் ஒரு நாற்காலி இட வேண்டும். பொன்னாடை போர்த்தும்போது அவரையும் மேடைக்கு அழைக்க வேண்டும். இதற்குச் சங்கத்தின் நிதியில் பெருந்தொகை எதுவும் செலவாகாது. பழக்கம் ஒன்றை மாற்றும் மனம் இருந்தாற் போதும்.

தாங்கி நிற்பவை பெரும்பாலும் கண்ணிற் படுவதில்லை. வீட்டுக்கு அடித்தளம், கச்சேரிக்கு இடந்தலை, இடந்தலைக்கு அதனைச் செய்த கை. தோட்டங்களிலும் வயல்களிலும் அலுவலகங்களிலும் பிறர் கண்ணிற் படாமல் உழைத்தே இம்மாநிலத்தில் வேரூன்றியவர்கள் நாம். தாங்கி நிற்போரின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்? வரும் ஆண்டு அச்சிறுவனை அழைத்து முதல் வரிசையில் அமர்த்துவோம். அவன் அருகே அக்கைவினைஞரும் அமரட்டும். மிருதங்கம் மாறிவிட்டதா என்று அவன் மீண்டும் கேட்டால், அவரே அவனுக்கு விடை கூறட்டும்.